படியும் பக்குவமும்

எமது கல்லூரியின் விழா மலருக்கு ஒரு கட்டுரை வேண்டுமென மலர்க் குழுவினர் கேட்டபோது, பழைய நாள்களின் நினைவுகளையே அவர்கள் எம்மிடம் எதிர்பார்த்தனர் என்பதை அறிவோம். துடுப்பாட்டப் போட்டிகளைப் பற்றியும், விடுதிச் சாப்பாட்டைப் பற்றியும், அதிபர்மாரின் கண்டிப்பைப் பற்றியும் சுவைபட எழுத வல்லார் பலர் உளர். அவர்கள் எழுதுவார்கள். எமக்கோ நெடுங்காலமாக நெஞ்சை உறுத்திக்கொண்டிருக்கும் வினா ஒன்று உண்டு. அது முதன்முதலாகப் பரீட்சை வினாத்தாளொன்றில் எம்முன் வந்தது. அன்று அதற்கு விடையெழுதிப் புள்ளியும் பெற்றோம். விடை சரியானதே. விடையெழுதியவர் எங்கே நின்றார் என்பதே இன்றுவரை தீராத ஐயம்.

'சைவ நாற்பாதங்களை விளக்குக' என்பதே அவ்வினா. சரியை, கிரியை, யோகம், ஞானம் எனப் பாதங்கள் நான்கு. திருக்கோயிலை அலகிடுதல், மெழுகுதல், மாலை தொடுத்தல், விளக்கேற்றுதல், அடியாரைப் பணிதல் முதலாகப் புறத்தொழிலால் வழிபடுவது சரியை. புறத்தொழிலோடு அகத்தொழிலும் கூடச் செய்யும் பூசை கிரியை. புலன்களை மடக்கி அகத்தே வழிபடுவது யோகம். அறிவினாலே வழிபடுவது ஞானம். இவற்றிற்குரிய மார்க்கங்கள் தாசமார்க்கம், சற்புத்திரமார்க்கம், சகமார்க்கம், சன்மார்க்கம் என்பன; எய்தும் பேறுகள் சாலோகம், சாமீபம், சாரூபம், சாயுச்சியம் என்பன; நின்று காட்டியோர் முறையே அப்பர், சம்பந்தர், சுந்தரர், மணிவாசகர். தாளின் நடுவே கோடு கீறி, நான்கு நிரையாக இவற்றை வகுத்து, மேலே சிவப்பு மையால் தலைப்பும் எழுதியிருந்தோம்.

திருத்திய தாளைக் கையில் தரும்போது, எமக்குச் சைவசமயம் கற்பித்த உபாத்தியாயர் அந்தக் கட்டங்களைச் சிறிதுநேரம் பார்த்தார். பின்பு, "தம்பி, இதிலை நீ எந்தக் கட்டத்திலை நிற்கிறாய்?" என்று கேட்டார். வகுப்பிலுள்ளோர் எல்லோரும் சிரித்தோம். அவர் சிரிக்கவில்லை; கோபிக்கவுமில்லை. அடுத்த தாளை எடுத்தார். அவர் நாள்தோறும் மணியடிப்பதற்கு அரைமணி நேரம் முன்னரே வந்து, கல்லூரிக் கோயிலின் முற்றத்தை எவரையும் அழையாது தாமே கூட்டிவிட்டுச் செல்பவர் என்பதை நாம் அறிவோம். ஆயினும் அந்த விளக்குமாற்றையும் எமது தாளிலுள்ள முதற் கட்டத்தையும் இணைத்துப் பார்க்க அன்று எமக்குத் தெரியவில்லை.

ஆன்ம விழிப்பின் படிகளைப் பள்ளிக்கூடத்து வகுப்புகளாக எண்ணிக்கொள்வதே நம்மிற் பெரும்பாலாரது முதற்பிழை என்பது எமது துணிபு. ஒரு வகுப்பில் ஓராண்டு இருந்தால் அடுத்த வகுப்புக்கு ஏற்றப்படுவோம். ஏறியபின் கீழ்வகுப்புப் புத்தகத்தைத் தம்பிமாருக்குக் கொடுத்துவிடுவோம். இவ்வழக்கத்தையே சமயத்திலும் கொண்டு, கோயில் கூட்டுதல் பாமரருக்கு, பூசை குருக்களுக்கு, யோகம் காவியுடுத்தாருக்கு, ஞானமோ நூல் படித்த நமக்கு எனப் பங்கிட்டுக்கொண்டோம். படித்தவர்களிடத்தே இந்நோய் சற்றே கூடுதலாக உண்டு. சித்தாந்த நூல்களுக்கு உரை கூறும் சபையிலே, உரை கூறுவோரின் செருப்பை ஒதுக்கிவைக்க ஒரு தனி ஆள் நின்றதை நாம் கண்டிருக்கிறோம்.

சாத்திரமோ இவ்வாறு பங்கிடவில்லை. நாற்பாதங்களுள் ஒவ்வொன்றும் நந்நான்காக விரியும்: சரியையிற் சரியை, சரியையிற் கிரியை, சரியையில் யோகம், சரியையில் ஞானம் என்று தொடங்கி ஞானத்தில் ஞானம் ஈறாகப் பதினாறு. கூட்டுகின்ற கையிலேயே ஞானத்தின் கூறு ஒன்று இருத்தல் கூடும் என்பதும், ஞானம் பேசும் வாய்க்கும் சரியை வேண்டும் என்பதும் இதனாற் பெறப்படும். அப்பரைச் சரியைக்கு உரியவராகச் சொல்லும் மரபு அவருக்கு ஞானமில்லை என்று சொல்லவில்லை. சமணரிடையே தருமசேனர் என்னும் பெயரோடு ஆசிரியத் தலைமை பெற்றிருந்த பெரும்புலவர், சூலைநோய் தீர்ந்து தமக்கையாரிடம் மீண்டபின் கையில் எடுத்தது உழவாரம். கற்றதெல்லாம் கற்றபின் புல் செதுக்கப் புகுந்தவர் அவர். அதனைக் கீழ்ப்படி என்று சொல்ல எமக்குத் துணிவில்லை.

நம் நாட்டார் அனைவரும் கண்ட ஒரு பொருளைக் கொண்டு இதனைச் சொல்லலாம். பனங்கொட்டையைப் பாத்தியிலே அடுக்கி மண்ணிட்டு மூடினால், முளை மேலே வருவதில்லை. முதலில் கீழேதான் போகும். மண்ணுக்குள் ஆழ இறங்கி, அங்கே கிழங்கு திரண்டபின்னரே இலை வெளியே தலைகாட்டும். பொறுமையிழந்த சிறுவர் பாத்தியைக் கிளறிப் பார்த்துப் பெற்றோரிடம் அடி வாங்குவது எங்கள் ஊர்களில் வழக்கம். கிழங்கைக் கிண்டாது விட்ட வடலி மரமாகிப் பாளை தருவதற்கு எத்தனையோ ஆண்டுகள் செல்லும். நட்டவன் பெரும்பாலும் அதன் பழத்தை உண்பதில்லை. உள்ளே திரளாத ஒன்று வெளியே வளராது என்பதை நம் நிலத்து மரமே காட்டிக்கொண்டிருக்க, நாமோ கட்டங்கீறிப் படியேற எண்ணினோம்.

படிகளைப் பற்றிச் சித்தாந்தம் கூறுவனவற்றுள் எம்மை மிகவும் ஈர்த்தது தசகாரியம் என்னும் பகுதி. தத்துவரூபம், தத்துவதரிசனம், தத்துவசுத்தி. ஆன்மரூபம், ஆன்மதரிசனம், ஆன்மசுத்தி. சிவரூபம், சிவதரிசனம், சிவயோகம், சிவபோகம் என அவை பத்து. ரூபம், தரிசனம், சுத்தி என்னும் மூன்று சொற்களைச் சற்று நின்று நோக்குக. ஒன்றின் இலக்கணத்தை அறிவது ரூபம். அதனை நேரே கண்டுகொள்வது தரிசனம். கண்டபின் அதன் பிடியினின்றும் நீங்கித் தூய்மையுறுவது சுத்தி. 'கோபம் என்பது யாது?' என்ற வினாவுக்கு இலக்கணம் சொல்வது எளிது. கோபம் எழும்போதே 'இதோ எழுகின்றது, இது நானன்று' என்று காண்பது அரிது. கண்டபின் அது தன்னை ஆளாதபடி நிற்றல் அதனினும் அரிது. முப்பத்தாறு தத்துவங்களையும், ஆன்மதத்துவம் இருபத்துநான்கு, வித்தியாதத்துவம் ஏழு, சிவதத்துவம் ஐந்து என ஒரே மூச்சில் ஒப்புவிக்க வல்லவர்களாய் நாம் கல்லூரியை விட்டு வெளியேறினோம். பத்தினுள் முதலாவதன் வாயிலிலேதான் நின்றோம். ஐம்பது ஆண்டுகளின் பின்னும் அவ்விடத்தை விட்டு அதிக தூரம் வந்துவிட்டதாக எமக்குத் தோன்றவில்லை.

இதற்குக் காரணம் ஆணவமலம் என்று உடனே விடை கூறுவீர்கள். சரிதான். செம்பிலே களிம்பு போல உயிரோடு அநாதியே உடனிருப்பது அது என்று படித்திருக்கிறோம். ஆயினும் 'ஆணவம்' என்னும் சொல்லைப் பாடமாக்கியதனால் நேர்ந்த தீங்கு ஒன்று உண்டு: அது பிறரிடத்தே காணப்படும் ஒரு குணமாகிவிட்டது. இருவினையொப்பு, மலபரிபாகம், சத்திநிபாதம் என மூன்று சொற்களால் ஆசிரியர்கள் குறித்தவை மிக நுண்ணிய நிகழ்ச்சிகள். நன்மை வந்தபோது துள்ளாமலும் தீமை வந்தபோது துவளாமலும் உயிர் ஒப்பநிற்கத் தொடங்குகின்றது, மலத்தின் வலி தளர்கின்றது, அருள் பதிகின்றது. அருள் பதிவதிலும் மந்ததரம், மந்தம், தீவிரம், தீவிரதரம் என்று நால்வேறு தரம் உண்டு. இவற்றுள் எதுவும் ஒருவன் தானே தனக்கு வழங்கிக்கொள்ளத்தக்க பட்டமன்று. பக்குவம் என்ற சொல்லை நம்முன்னோர் அடுக்களையினின்றும் பழத்தோட்டத்தினின்றும் எடுத்தனரேயன்றிப் பட்டமளிப்பு மண்டபத்தினின்றும் எடுக்கவில்லை.

உள்ளத்தின் மாற்றம் எத்தகையது என்பதற்குப் பெரியபுராணத்தில் எமக்கு என்றும் துணையாயிருப்பது திருநீலநக்க நாயனார் வரலாறு. கண்ணப்பரையும் நந்தனாரையும் போல மேடைகளிலே அதிகம் பேசப்படாதவர் இவர். கதாப்பிரசங்கக்காரருக்கு இவரிடத்தே இரத்தமுமில்லை, தீக்குளிப்புமில்லை. ஆதலினாற் போலும் விட்டுவிட்டனர்.

சாத்தமங்கையிலே வேதியர் குலத்திற் பிறந்தவர் நீலநக்கர். ஆகமவிதி வழுவாது பூசை புரிபவர். ஒரு திருவாதிரை நாளில் மனைவியாரோடு அயவந்தி ஆலயஞ் சென்று பூசித்து நிற்கையில், மேலிருந்த சிலம்பி ஒன்று வழுவிச் சிவலிங்கத்தின்மேல் வீழ்ந்தது. மனைவியார் பதைத்து, குழந்தையின் மேனியிலே பூச்சி விழுந்தால் தாய் செய்வதுபோல, வாயினால் ஊதித் துமிந்து அதனைப் போக்கினார். நீலநக்கர் கண்டார். எச்சில் பட்டதென்பதே அவர் கண்டது. அன்பு அவர் கண்ணிற் படவில்லை. இவ்வாறு செய்த உன்னை இனித் துறந்தேன் என்று கூறி, மனைவியாரைக் கோயிலிலே விட்டு வீடு சென்றார். அன்றிரவு கனவிலே இறைவர் தோன்றித் தம் திருமேனியைக் காட்டினார்: அம்மையார் ஊதிய இடம் ஒழிய ஏனைய இடமெங்கும் சிலம்பியின் கொப்புளம். விடிந்ததும் நீலநக்கர் கோயிலுக்கு ஓடி, வணங்கி, மனைவியாரை வீட்டுக்கு அழைத்துவந்தார்.

இவ்வளவில் கதை முடிந்திருந்தால் இது ஒரு மன்னிப்பின் கதையே. சேக்கிழார் முடிக்கவில்லை. பின்னொரு காலத்தில் திருஞானசம்பந்தர் சாத்தமங்கைக்கு எழுந்தருளுகின்றார். அவரோடு வருபவர் திருநீலகண்ட யாழ்ப்பாணரும் மதங்கசூளாமணியாரும். அக்கால வழக்கிலே வேதியர் மனையுள் புகுதற்கு உரிமையில்லாத பாணர் குலத்தினர் அவர்கள். இரவில் அவர்களுக்கும் தங்க ஓரிடம் கொடுக்குமாறு சம்பந்தர் நீலநக்கருக்குச் சொல்லுகின்றார். திண்ணையிலே பாய் விரித்திருந்தாலும் எவரும் குறை கூறியிருக்கமாட்டார். நீலநக்கரோ வீட்டின் நடுவே, தாம் நாள்தோறும் தீவளர்க்கும் வேதிகையின் பக்கத்திலே இடங்கொடுத்தார். வேள்வித்தீ முன்னினும் மேலாக வலஞ்சுழிந்து ஓங்கியது என்கின்றது புராணம்.

ஒரு பெண்ணின் மூச்சுக் காற்றுப் பட்டதற்கு மனைவியையே துறந்தவர், அதே ஆசாரத்தின் நெஞ்சிடமாகிய வேதிகையருகே பாணரைத் துயிலச் செய்கின்றார். இவ்விரண்டு நிகழ்ச்சிகளுக்கும் இடையே அவருள்ளே நடந்தது யாது? சேக்கிழார் அதனை நெடிது விரிக்கவில்லை. கொப்புளங்களைக் காட்டிய ஒரு கனவையும், பின்பு ஒரு செயலையும் மாத்திரமே நாம் காண்கின்றோம். கிழங்கு திரண்டது மண்ணுக்குள்ளே. நீலநக்கர் பூசையை விட்டுவிடவில்லை என்பதையும் கவனிக்க வேண்டும். ஆகமத்தை இகழவில்லை, சமையல்கட்டிற் புரட்சி என்று பறைசாற்றவுமில்லை. அதே கிரியை, அதே தீ, அதே மனிதர். ஆயினும் அவரது தூய்மை, தன்னைப் பிறரினின்றும் காத்துக்கொள்ளும் தூய்மையாக இல்லாது, பிறரைத் தன்னருகே இருத்திக்கொள்ளும் தூய்மையாக மாறிவிட்டது. கிரியையில் ஞானம் என்று பதினாறனுள் ஒன்றாக நாம் பாடமாக்கியதற்கு இதனினும் சிறந்த உரை எமக்குக் கிடைத்ததில்லை.

சாத்திர ஆசிரியர் தம் வாழ்விலும் இத்தகைய மாற்றம் உண்டு. 14ஆம் நூற்றாண்டினராகிய உமாபதி சிவாசாரியர் தில்லைவாழந்தணர் மரபினர். மெய்கண்ட சாத்திரம் பதினான்கனுள் எட்டை இயற்றியவர். பல்லக்கில் வந்த அவர், மறைஞானசம்பந்தரைக் கண்டு இறங்கிப் பின்சென்றதும், அவர் கைக்கோளர் தெருவிலே வாங்கியருந்திய கூழின் சேடத்தை ஏந்தியுண்டதும், அதன்பொருட்டுத் தம் இனத்தாரால் விலக்கப்பட்டுக் கொற்றவன்குடியில் வாழ்ந்ததும் மரபு கூறும் செய்திகள். நாம் அவருடைய நூல்களை அச்சிட்டோம்; பரீட்சைக்கு வைத்தோம். கூழை விட்டுவிட்டோம்.

இனி எம்முடைய கதையைச் சொல்லவேண்டும். 1960களின் நடுப்பகுதி. எமது வகுப்பிலே எம்மோடு ஒரே வாங்கில் இருந்த நண்பர் ஒருவர் உண்டு. பெயர் வேண்டாம். பெரியபுராண வசனத்தை நாம் பரீட்சைக்காகப் படித்த காலத்தில் அவர் ஆசைக்காகப் படித்தவர். நாயன்மார் ஒருவரைப் பற்றிய கட்டுரைப் போட்டி வந்தபோது, நாம் கண்ணப்பரை எழுதுவதாக இருந்தோம். "எல்லாரும் அவரைத்தான் எழுதுவினம், நீ நீலநக்கரை எழுது" என்று கூறி, அந்த இரண்டு நிகழ்ச்சிகளையும் இணைத்துக் காட்டியவர் அவரே. மேலே நாம் கூறியதிற் பாதி அவருடைய சொத்து. பரிசு எமக்குக் கிடைத்தது. மேடையேறி வாங்கிய புத்தகத்தின் முதற் பக்கத்தில் எமது பெயரே இருக்கின்றது.

அவ்வாண்டு எமது ஊர்க் கோயில் தேர்த்திருவிழாவுக்கு அவரை அழைத்தோம். வழிநெடுகப் பேசிக்கொண்டே வந்தவர், கோபுரம் தெரிந்ததும் நடையைத் தளர்த்தினார். "நீ போய்க் கும்பிட்டிட்டு வா. நான் இஞ்சை வெளிவீதியிலை நிற்கிறன்" என்றார். காரணம் எமக்குத் தெரியும். எமக்குத் தெரியுமென்பதும் அவருக்குத் தெரியும். அழைத்தபோது அதனை நினையாதிருந்தோம் என்று சொன்னால் நீங்கள் நம்புவீர்களோ, அறியோம். உள்ளே சென்றோம். திருநீறும் சந்தனமும் வாழையிலைத் துண்டிலே வாங்கிவந்தோம். அவர் இரு கைகளையும் நீட்டினார். ஊரார் பலர் சுற்றிநின்றனர். கை கையிற் படாத உயரத்திலிருந்து அந்த இலைத்துண்டைப் போட்டோம். வகுப்பிலே ஒரே மாங்காயைக் கடித்துப் பகிர்ந்துண்ட கைகள் அவை. அவர் ஒன்றும் சொல்லவில்லை. நீறு கீழே சிந்தாதபடி கவனமாக ஏந்திக்கொண்டார்.

நீலநக்கரைப் பற்றிய எமது கட்டுரைக்குப் பரிசு கிடைத்துச் சில கிழமைகளே ஆகியிருந்தன. தத்துவரூபத்துக்கும் தத்துவசுத்திக்கும் இடையேயுள்ள தூரம் எத்துணை என்று எவரேனும் கேட்டால், அந்த இலைத்துண்டு விழுந்த உயரத்தையே எம்மாற் சொல்ல முடியும்.

1968ஆம் ஆண்டு மாவிட்டபுரத்திலே ஆலயப் பிரவேசம் வேண்டி மக்கள் வாயிலில் நின்றபோது, நாடெங்கும் அதே பேச்சு. மாணவர் விவாத மேடையொன்றில் நாமும் பேசினோம். எந்தப் பக்கம் பேசினோம் என்பதைச் சொல்ல வெட்கமாயிருக்கின்றது. ஆயினும் இக்கட்டுரையின் தலைப்பு அதனை மறைக்க விடாது. 'உள்ளம் மாறாமற் கதவைத் திறந்து பயனில்லை. முதலில் அகம் பக்குவப்படட்டும், புறம் தானே மாறும்' என்று வாதித்தோம். நல்ல வாதம். சபையார் கைதட்டினர். அந்தத் தர்க்கத்தில் இன்றைக்கும் பிழை காண்பது எளிதன்று. பிழை தர்க்கத்திலன்று, அதனைச் சொன்னவர் நின்ற இடத்திலே இருந்தது. உள்ளே நின்றுகொண்டு, வெளியே நிற்பவனை நோக்கி, 'என் மனம் பழுக்கும்வரை நீ வெயிலிலே நில்' என்று சொல்லுவது எவ்வகைப் பக்குவம்? அகமாற்றம் என்னும் மேலான சொல்லே புறத்தில் ஒன்றும் செய்யாதிருப்பதற்குத் திரையாகக்கூடும் என்பதை அன்று நாமே செய்துகாட்டினோம்.

ஆதலின் இளைஞர் சிலர் இன்று எம்மிடம், 'உள்ளே திரும்பு, உள்ளே திரும்பு என்கிறீர்கள். அது தப்பித்துக்கொள்ளும் வழியன்றோ?' என்று கேட்கும்போது நாம் கோபிப்பதில்லை. அவர்கள் கேட்பதில் நியாயம் உண்டு. கோயில்களிலும் பொதுவிடங்களிலும் சாதியால் விலக்குவதைக் குற்றமாக்கியது 1957ஆம் ஆண்டின் சமூகக் குறைபாடுகள் தடுப்புச் சட்டம். எமது திருவிழா நடந்தது அதற்குப் பல ஆண்டுகள் பின்னர். சட்டம் இருந்தது, எமது கையை அது தாழ்த்தவில்லை. ஆனாலும் அச்சட்டத்தை நாம் இகழோம். பூட்டிய கதவுகள் பல, மனம் மாறியதனாலன்றி, சட்டமும் போராட்டமும் நெருக்கியதனாலேயே திறந்தன. திறந்தபின் அருகருகே நின்று கும்பிட்டுப் பழகியதனால் மாறிய மனங்களும் உண்டு. புறமும் சில வேளைகளில் அகத்துக்கு ஆசிரியராகும். சரியையை முதற்படியாக வைத்த பெரியோர் இதனை அறிந்தே வைத்தனர் போலும். வணங்க மனமில்லாதவனும் குனியப் பழகட்டும். முதுகு வளைய வளைய மனமும் ஒருநாள் வளையலாம்.

நம்முடைய நாட்டிலே எழுச்சியூட்டும் சொற்களுக்குப் பஞ்சம் இருந்ததில்லை. 1897இல் விவேகானந்த சுவாமிகள் யாழ்ப்பாணம் வந்தபோது கூட்டம் திரண்டது. 1927இல் காந்தியடிகள் வந்தபோதும் திரண்டது. வரவேற்பதில் நாம் சூரர். வந்தவர் சொன்னதைக் கேட்டபின் வீட்டுக் கிணற்றடியில் என்ன மாறியது என்பதைத்தான் எவரும் குறித்துவைக்கவில்லை. நல்லூர்த் தேரடியிலே கந்தையோடு கிடந்த செல்லப்பா சுவாமிகளை ஊரார் பைத்தியம் என்றனர். அவரிடம் சென்று அடங்கியவர், கிளிநொச்சியில் நீர்ப்பாசனப் பகுதியின் களஞ்சியப் பொறுப்பாளராயிருந்த யோகர்சுவாமிகள். உத்தியோகத்தை விட்டுத் தேரடிக்குச் சென்ற அம்மாற்றத்துக்கு வரவேற்பு வளைவு எவரும் கட்டவில்லை. பின்பு அவரைத் தேடி அரசியல்வாதிகளும் பேராசிரியர்களும் கொழும்புத்துறைக்குப் போனது வேறு கதை.

இக்காலத்தில் விழிப்பு மிகவும் மலிந்துவிட்டது. கைத்தொலைபேசியைத் திறந்தால், ஆன்மவிழிப்பின் ஏழு நிலைகள், பன்னிரண்டு அடையாளங்கள் என வண்ணப்படங்களோடு நாள்தோறும் வருகின்றன. காலையில் எமக்கு வருவனவற்றுள் பாதி கடல் கடந்து வாழும் பழைய மாணவர் அனுப்புவன. அன்பினால் அனுப்புகின்றனர், குறைகூறவில்லை. தியானம் பழகுவோரையும் நாம் பழிக்கோம். இரண்டாம் நாளே மனம் அமைதியுற்றது என்பவர் பொய் சொல்லவில்லை. ஆயினும் அமைதி வேறு, மாற்றம் வேறு. நன்றாக உறங்கி எழுந்தவனுக்கும் மனம் அமைதியாகத்தான் இருக்கும். காணிவழக்கிலே சகோதரனோடு பேசாதிருப்பவர், தியானம் முடித்து எழுந்து அச்சகோதரனுடைய படலையைத் தட்டினாரா என்பதே எமது கேள்வி. கட்டம் கீறிய அந்தப் பழைய தாளுக்கும் இவ்வண்ணப்படங்களுக்கும் வேற்றுமை சிறிதே. சிவப்பு மைக்குப் பதிலாகப் பல நிறங்கள்.

பழைய மாணவராகிய நாம் செய்வதென்ன? ஊரிலே கோபுரம் எழுப்புகின்றோம். அது போரினால் இடிந்த இடங்களிலே வேண்டியதுதான். திருவிழா உபயங்களை விட்டுக்கொடாது காக்கின்றோம். எந்த நாள் எவருடையது என்று நீதிமன்றம் ஏறிய கோயில்கள் எத்தனை என எண்ணத் தொடங்கினால் இம்மலர் போதாது. இறைவன் பொருட்டு இறைவனுக்கு முன்னே வழக்காடும் இத்திறமையைச் சகமார்க்கத்தில் அடக்குவதா, வேறொரு மார்க்கம் வகுப்பதா என்று எமது உபாத்தியாயரிடம் கேட்டிருக்கலாம். அவர் இன்றில்லை.

கல்லூரிக்கு ஒன்றிரண்டு சொல்ல விரும்புகின்றோம். சைவநெறி பாடத்துக்குப் பரீட்சை இருப்பதை மாற்ற நம்மால் இயலாது, மாற்றவேண்டியதுமில்லை. பாடமாக்காத சொல் பின்னொருநாள் விளங்குவதற்கும் வழியில்லை. அந்த நான்கு கட்டங்களைப் பாடமாக்கியிராவிடின், எந்தக் கட்டத்தில் நிற்கிறாய் என்ற கேள்வி ஐம்பது ஆண்டுகள் எம்மைத் தொடர்ந்து வந்திராது. ஆயினும், வெள்ளிக்கிழமைப் பூசை முடிந்ததும் மாணவரை வகுப்புக்கு விரட்டாமல், பத்து நிமிட நேரம் அவரவர் இருந்த இடத்திலேயே பேசாதிருக்க விடலாம். அவ்வேளையில் நாயனார் ஒருவருடைய செயலை மாத்திரம் சொல்லி, அதன் கருத்தைச் சொல்லாது விடலாம். கருத்தைச் சொல்லிவிட்டால் பிள்ளைகள் அதை எழுதிக்கொண்டு மறந்துவிடுவார்கள். கோயில் முற்றம் கூட்டும் வேலையைத் தண்டனையாகக் கொடுக்கும் வழக்கம் சில பள்ளிகளில் உண்டு என்று அறிகின்றோம். அதனை அறவே நிறுத்தவேண்டும். சரியையைத் தண்டனையாக்கியபின் எந்தப் படியைப் பற்றிப் பேசுவது? ஆசிரியர் ஒருவர் முதலிற் கூட்டட்டும். பார்த்துக்கொண்டு போகும் நூறு பேரில் ஒருவன் நின்றால் போதும்.

எமது நண்பர் இப்பொழுது கடல் கடந்த ஒரு நகரில் வாழ்கின்றார். பேரப்பிள்ளைகளுக்கு ஞாயிற்றுக்கிழமைகளிலே பெரியபுராணம் சொல்லிக்கொடுப்பதாகக் கேள்வி. எமது ஊர்க் கோயில் இன்று எல்லோருக்கும் திறந்திருக்கின்றது. சில ஆண்டுகளின் முன் அவர் நாட்டுக்கு வந்தபோது இருவரும் கல்லூரிக்குச் சென்று, பழைய வாங்கு இருந்த வகுப்பைத் தேடினோம், கட்டடமே மாறிவிட்டது. கல்லூரிக் கோயிலிலே கும்பிட்டோம். அவர் திருநீற்றுத் தட்டை எடுத்து எம்முன் நீட்டினார். அந்தத் தேர்த்திருவிழாவைப் பற்றிப் பேசுவதற்கு வாயெடுத்தோம். அதற்குள் யாரோ பழைய ஆசிரியர் ஒருவர் வர, பேச்சு மாறியது. அதன்பின் அவரிடம் இதனைப் பற்றி நாம் ஒன்றும் சொன்னதில்லை. மலர் அச்சாகி வந்ததும் முதற் பிரதியை அவருக்கு அனுப்புமாறு மலர்க் குழுவினரிடம் முகவரியைக் கொடுத்திருக்கின்றோம்.